தாண்டு பந்தயத்தில் வெல்லும் குதிரையைக் கணிப்பது எப்படி: செல்டன்ஹாமை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத நடுவில், செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்கள், இங்கிலாந்தில் கிளீவ் மலையின் அடிவாரத்தில் உள்ள செல்டன்ஹாம் திடலில் 28 குதிரைப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. தடைகளைத் தாண்டி ஓடும் குதிரைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா இல்லை. அந்த வாரத்தில் லண்டனின் பந்தயக் கடைகளில் மட்டுமல்ல, இங்கிலாந்துப் பந்தயங்களுக்குச் சீட்டு எழுதும் இலங்கைப் புக்கி கடைகளிலும் இந்தக் குதிரைகளின் பெயர்கள்தான் பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சைச் சற்று நின்று கேட்டால் இரண்டு வகைக் குரல்கள் காதில் விழும். ஒன்று, "இந்தக் குதிரை நிச்சயம், உள்ளே இருப்பவர் சொன்ன டிப்ஸ்" என்பது. மற்றொன்று, "எல்லாம் அதிர்ஷ்டம், இதில் அறிவுக்கு என்ன வேலை" என்பது.

இரண்டுமே தவறு என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து. குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996ஆம் ஆண்டில், சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்தத் திறமை எதில் அடங்கியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். வெல்லப்போகும் குதிரையின் பெயரை முன்கூட்டியே அறிவது அந்தத் திறமை அன்று. ஒரு குதிரைக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று நிதானமாக மதிப்பிட்டு, அந்த வாய்ப்புக்குப் பந்தயச் சந்தை தரும் விலை சரியானதா என்று பார்ப்பதே அது.

முதலில், இது என்ன பந்தயம்?

கிண்டியிலும் பெங்களூரிலும் நம்மவர்கள் பார்த்துப் பழகியது சமதளப் பந்தயம். அதில் தடைகள் கிடையாது, குதிரைகள் இளையவை, பெரும்பாலான பந்தயங்கள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். தாண்டு பந்தயம் வேறு வகை. இங்கே தூரம் குறைந்தது மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். குதிரைகள் நன்கு வளர்ந்தவை. பத்து வயதிலும் ஓடுபவை உண்டு. வேகத்தைவிட மூச்சுத் தாங்குவதும், களைத்த பிறகும் பிசகாமல் தாண்டுவதும் இங்கே முக்கியம்.

தடைகள் இரு வகை. ஹர்டில் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள, மோதினால் சாய்ந்து கொடுக்கும் தட்டி. வேலி என்பது ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்துக்குக் கிளைகளை நெருக்கிக் கட்டிய தடை. அது எளிதில் சாய்ந்து கொடுக்காது. வேலிகளைத் தாண்டும் பந்தயத்துக்குச் சேஸ் என்று பெயர். செல்டன்ஹாமின் நான்கு தலைமைப் பந்தயங்களில் செவ்வாய்க்கிழமைச் சாம்பியன் ஹர்டிலும் வியாழக்கிழமை ஸ்டேயர்ஸ் ஹர்டிலும் தட்டிப் பந்தயங்கள். புதன்கிழமைச் சாம்பியன் சேஸும் வெள்ளிக்கிழமைக் கோல்டு கப்பும் வேலிப் பந்தயங்கள். கோல்டு கப்பின் தூரம் ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகம். அதில் குதிரை 22 வேலிகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வேலியிலும் விழும் வாய்ப்பு சிறிதுதான் என்றாலும், 22 முறை சேர்ந்தால் அது சிறிதாக இருப்பதில்லை. தாண்டு பந்தயத்தில் "நிச்சயம்" என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

வாய்ப்பு என்றால் என்ன?

நாளை மழைக்கு எழுபது விழுக்காடு வாய்ப்பு என்று வானிலை மையம் அறிவிக்கிறது. ஆனால் மறுநாள் மழை பெய்யவில்லை. உடனே கணிப்புப் பொய்த்துவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் அந்தக் கணிப்பிலேயே, பத்து நாளில் மூன்று நாள் மழை பெய்யாது என்பதும் அடங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட நூறு நாட்களை எடுத்து, அவற்றில் ஏறத்தாழ எழுபது நாட்களில் மழை பெய்ததா என்று பார்த்தால்தான் கணித்தவரின் திறமை தெரியும். ஒற்றை நாளை வைத்து அவரைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

குதிரைக்கும் இதே கணக்குத்தான். 2025 மார்ச்சில் நடந்த சாம்பியன் ஹர்டிலை எடுத்துக்கொள்வோம். அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் தோல்வியே காணாத கான்ஸ்டிட்யூஷன் ஹில் என்ற குதிரை ஃபேவரிட்டாக நின்றது. ஃபேவரிட் என்பது ஒரு பந்தயத்தில் மிகக் குறைந்த விலை உள்ள (வென்றால் மிகக் குறைந்த லாபம் தரும்), அதாவது வெல்ல மிக அதிக வாய்ப்புள்ளதாகச் சந்தை கருதும் குதிரை. அது ஓட்டத்தின் நடுவிலேயே ஒரு தட்டியில் இடறி விழுந்தது. அதன்பின், முந்தைய ஆண்டில் இதே பட்டத்தை வென்றிருந்த ஸ்டேட் மேன் மற்றவற்றைத் தெளிவாகப் பின்தள்ளி முன்னே வந்தது. கடைசித் தட்டியில் அதுவும் விழுந்தது. எல்லைக்கோட்டை முதலில் கடந்தது கோல்டன் ஏஸ் என்ற பெண் குதிரை. அதன் விலை ஒன்றுக்கு இருபத்தைந்து, அதாவது ஒரு பவுண்டு கட்டியவருக்கு இருபத்தைந்து பவுண்டு லாபம். அன்று கான்ஸ்டிட்யூஷன் ஹில்லைத் தேர்ந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். கோல்டன் ஏஸைத் தேர்ந்த எல்லோரும் ஞானிகளும் அல்லர். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று சந்தை மதித்த ஒரு குதிரைக்கு, மீதி மூன்றில் ஒரு பங்கு நடந்தது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம் இது: தாண்டு பந்தயத்தில் எந்தக் குதிரைக்கும் நூறு விழுக்காடு வாய்ப்பு இல்லை. கணிப்பது என்றால் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வாய்ப்பை ஒதுக்குவது. ஒரு பந்தயத்தின் முடிவு அந்தக் கணிப்பைச் சரியென்றும் காட்டாது, தவறென்றும் காட்டாது.

விலைக்குள் ஒளிந்திருக்கும் விழுக்காடு

பந்தயத்தில் விலை என்பது, கட்டிய பணத்துக்கு எவ்வளவு லாபம் கிடைக்கும் என்பதன் அளவு. ஒன்றுக்கு நான்கு என்றால், ஒரு பவுண்டு கட்டி வென்றால் நான்கு பவுண்டு லாபம். கட்டிய ஒன்றும் திரும்ப வரும். ஆக மொத்தம் ஐந்து. இந்த விலையை வாய்ப்பாக மாற்றுவது எளிது. கையில் வரும் மொத்தத்தால் ஒன்றை வகுத்தால் போதும். ஐந்தில் ஒன்று, அதாவது இருபது விழுக்காடு. ஒன்றுக்கு மூன்று என்றால் நான்கில் ஒன்று, இருபத்தைந்து விழுக்காடு. ஒன்றுக்கு ஒன்று என்றால் சரிபாதி.

இப்போது ஐந்து குதிரைகள் மட்டும் ஓடும் ஒரு பந்தயத்தைக் கற்பனை செய்வோம். பந்தயப் பணம் ஏற்கும் புக்கியின் பலகையில் முதல் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்றுக்கு மூன்று, மூன்றாவதற்கு ஒன்றுக்கு நான்கு, மற்ற இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்பது என்று எழுதியிருக்கிறது. இவற்றை விழுக்காடாக மாற்றினால் 50, 25, 20, 10, 10 என்று வரும். கூட்டினால் 115. ஏதாவது ஒரு குதிரைதான் வெல்ல முடியும் என்பதால் எல்லா வாய்ப்புகளும் சேர்ந்து நூறுதான் இருக்க வேண்டும். கூடுதலாக நிற்கும் அந்தப் பதினைந்துதான் புக்கியின் வருமானம். பந்தய மொழியில் அதற்கு ஓவர்ரவுண்டு என்று பெயர். காய்கறிக் கடைத் தராசில் தட்டின் எடையையும் சேர்த்து நிறுத்துக் கொடுப்பது போன்றது இது. ஒவ்வொரு முறையும் வாங்குபவர் சிறிது கூடுதலாகக் கொடுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு யார் தொடர்ந்து பந்தயம் கட்டினாலும் நாளடைவில் பணம் கரைவதற்கு இது ஒன்றே போதும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் திறமை என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. மாம்பழக் கடையில் நல்ல பழம் எது என்று தெரிவது ஒன்று. அந்தப் பழத்தை என்ன விலைக்கு வாங்கலாம் என்று தெரிவது வேறொன்று. இமாம்பசந்து அருமையான பழம்தான்; ஆனால் அதற்கு இரு மடங்கு விலை கேட்டால், பக்கத்துக் கூடையில் இருக்கும் சுமாரான பழம் நியாய விலைக்குக் கிடைப்பதே மேல். ஒரு குதிரைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாக நீங்கள் கவனமாக மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் விலை ஒன்றுக்கு நான்காக இருந்தால், இதே நிலையில் நூறு முறை ஒரு பவுண்டு கட்டினால் இருபத்தைந்து முறை வென்று 125 பவுண்டு திரும்பப் பெறுவீர்கள். விலை ஒன்றுக்கு இரண்டாகக் குறைந்திருந்தால் அதே நூறு பவுண்டுக்கு 75தான் திரும்பும். குதிரையும் வாய்ப்பும் மாறவில்லை. விலை மட்டும் மாறியதால் நல்ல பந்தயம் கெட்ட பந்தயமாகிவிட்டது. "எந்தக் குதிரை வெல்லும்" என்று மட்டும் கேட்பவர் விலை என்னும் இந்தப் பாதியை முற்றிலும் விட்டுவிடுகிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஏற்கெனவே விலைக்குள் ஏறியிருக்கும். அயர்லாந்தின் வில்லி மல்லின்ஸ் இந்தத் திருவிழாவில் மட்டும் நூறு வெற்றிகளை 2024இல் எட்டிய பயிற்சியாளர். 2021இல் 28 பந்தயங்களில் 23ஐ அயர்லாந்துக் குதிரைகள் வென்றன. இரண்டும் உண்மை, இரண்டும் முக்கியம். ஆனால் இவை ஊரறிந்த செய்திகள் என்பதால், மல்லின்ஸின் குதிரை என்பதற்காகவே அதன் விலை முன்னரே இறங்கியிருக்கும். "மல்லின்ஸ் குதிரை, அதனால் கட்டினேன்" என்பது தங்கம் மதிப்பானது என்பதற்காக எந்த விலைக்கும் அதை வாங்குவது போன்றது.

ஓட்டவரலாற்றைப் படிப்பது

வாய்ப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது? முதல் சான்று ஃபார்ம். ஒரு குதிரையின் அண்மைய ஓட்டங்களின் பதிவுக்குத்தான் அந்தப் பெயர். பந்தயப் பட்டியலில் குதிரையின் பெயருக்கு அருகில் எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு சிறு வரி இருக்கும். புதியவரை அச்சுறுத்துவது அந்த வரிதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

ஒரு மாதிரி வரியை அருகில் வைத்துப் பார்ப்போம்: 1, 1, பி, கோடு, 2, எஃப், 1. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கடைசியில் இருப்பதே மிக அண்மைய ஓட்டம். கோட்டுக்கு இடப்புறம் உள்ளவை சென்ற பருவத்தைச் சேர்ந்தவை, வலப்புறம் உள்ளவை இந்தப் பருவத்தைச் சேர்ந்தவை. எண் என்பது முடித்த இடம். பத்தாம் இடமோ அதற்குப் பின்னோ வந்தால் சுழி போடுவார்கள். பி என்றால் ஓட்ட முடியாதென்று சவாரிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டார். எஃப் என்றால் குதிரை விழுந்தது. யு என்றால் குதிரை விழவில்லை, சவாரிக்காரர்தான் கீழே விழுந்தார். ஆகவே நம் மாதிரிக் குதிரை சென்ற பருவத்தில் இரண்டு முறை வென்று, கடைசி ஓட்டத்தில் நிறுத்தப்பட்டது. இந்தப் பருவத்தில் இரண்டாவதாக வந்து, அடுத்து விழுந்து, அதற்கடுத்து வென்றிருக்கிறது.

இந்த வரி கதையின் தலைப்புகள் மட்டுமே. கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த எஃப் முதல் வேலியிலேயே நேர்ந்ததா, அல்லது வெற்றி கையில் இருக்கும்போது கடைசி வேலியில் நேர்ந்ததா? முதலாவது என்றால் அந்த ஓட்டம் குதிரையின் வலிமையைப் பற்றி நமக்கு எதையும் சொல்லவில்லை. இரண்டாவது என்றால், பதிவில் தோல்வி என்று இருந்தாலும், அது ஒரு வெற்றிக்கு நிகரான சான்று. நிறுத்தப்பட்ட ஓட்டத்தில் குதிரைக்கு உடல்நலக் குறைவா, தரை ஒத்துக்கொள்ளவில்லையா, அல்லது தூரம் தாங்கவில்லையா? பழைய ஓட்டங்களின் ஒளிப்பதிவைப் பார்ப்பவருக்கும் வெறும் எண்களைப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உண்டாகிறது.

எண்களில் மற்றொரு பொறியும் உண்டு. பள்ளிக்கூட அரையாண்டுத் தேர்வில் 95 வாங்கிய பிள்ளையையும், கடினமான நுழைவுத் தேர்வில் 70 வாங்கிய பிள்ளையையும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒப்பிட மாட்டோம்; எந்த வினாத்தாள் என்று கேட்போம். குதிரையிலும் அப்படியே. நான்கு எளிய குதிரைகளை வென்ற ஒன்று, பிப்ரவரி தொடக்கத்தில் டப்ளினுக்கு அருகே லெப்பர்ட்ஸ்டவுனில் நடக்கும் பெரிய பந்தயத்தில் முன்னணிக் குதிரைகளிடம் தோற்ற மூன்றுக்குச் சமம் ஆகாது. அந்த மூன்றுதான் பெரும்பாலும் கனமான எண். வரிசையாக ஒன்றுகள் மட்டுமே நிற்கும் வரி கண்ணுக்கு அழகானது. அந்த அழகுக்காகவே சந்தையில் அதன் விலை இறங்கியும் இருக்கும்.

சுருக்கமாக: ஃபார்ம் வரி எங்கே தேட வேண்டும் என்று காட்டும் அடையாளம். ஒவ்வோர் எண்ணையும் எதிராளிகளின் தரத்தோடும் அன்றைய சூழலோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மேடும் மண்ணும்

என் கருத்தில், புதியவர்கள் அதிகம் புறக்கணிப்பதும் செல்டன்ஹாமில் அதிகம் முடிவு செய்வதும் நிலம்தான். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக நடக்கக்கூடிய ஒருவர் பழனி மலைப் படிகளில் பாதியில் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருப்போம். கால்வலிமை ஒன்றுதான், ஏற்றம் கேட்கும் வலிமை வேறு. செல்டன்ஹாம் தடம் அலை அலையாக ஏறி இறங்குவது. இறுதித் திருப்பத்துக்கு முன்னே வேகமான ஓர் இறக்கம். அதில்தான் பல குதிரைகள் சமநிலை இழக்கின்றன. அதற்குப் பிறகு எல்லைக்கோடு வரை ஏற்றம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஓடி, இருபதுக்கும் மேற்பட்ட வேலிகளைத் தாண்டிக் களைத்த குதிரையிடம் அந்த மேடு கேட்கும் கேள்விக்குச் சமதளத் தடத்தில் பெற்ற வெற்றி விடையாகாது.

2014ஆம் ஆண்டின் கோல்டு கப் இதைக் கண்முன் காட்டியது. சில்வினியாகோ கோன்ட்டி என்ற குதிரை, மூன்று மாதங்களுக்கு முன், லண்டன் அருகே கெம்டன் திடலில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கும் பெரும் சேஸை வென்றிருந்தது. கெம்டன் தட்டையான தடம், வலப்புறமாகச் சுற்றுவது. செல்டன்ஹாம் இடப்புறமாகச் சுற்றுவது, மேடுபள்ளம் நிறைந்தது. கோல்டு கப்பின் கடைசி வேலியை சில்வினியாகோ கோன்ட்டி முன்னணியில் நின்று தாண்டியது. பார்த்தவர்களில் பலர் அப்போதே முடிவு செய்திருப்பார்கள். மேடு தொடங்கியது, குதிரையின் ஓட்டம் கோணலாகியது, ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை நெருங்கின. ஒன்றுக்கு இருபது விலையில் இருந்த லார்டு விண்டர்மியர் வென்றது. கடைசி வேலியில் முதலாவதாக இருந்த குதிரை நான்காவதாக முடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது கெம்டன் பந்தயத்தை மீண்டும் வென்றது. கோல்டு கப்பை ஒருபோதும் வெல்லவில்லை. மோசமான குதிரை என்று யாரும் அதைச் சொல்ல முடியாது. அதன் வலிமை எந்த நிலத்துக்கு உரியது என்பதுதான் கேள்வி.

செல்டன்ஹாமிலேயே இரண்டு தடங்கள் உள்ளன. முதல் இரண்டு நாட்கள் பழைய தடத்திலும், கடைசி இரண்டு நாட்கள் புதிய தடத்திலும் ஓட்டம் நடக்கும். புதிய தடம் மூச்சை அதிகம் கேட்பது. அதன் தட்டிப் பந்தயங்களில் கடைசி 1,200 மீட்டர் அளவில் இரண்டே தட்டிகள்தான் வரும். ஆகவே தாண்டும் நேர்த்தியால் இடம் பிடிக்கும் குதிரைக்கு அங்கே வாய்ப்பு குறைவு, நீண்ட ஓட்டத்தில் சளைக்காத குதிரைக்கு வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மண். மெரினா கடற்கரையின் உலர்ந்த மணலில் ஓடுவதும், அதையொட்டிய தார்ச்சாலையில் ஓடுவதும் ஒன்றல்ல. பந்தய மொழியில் தரையின் ஈரப்பதத்தையும் இறுக்கத்தையும் குறிக்கும் சொல் கோயிங். இறுகிய தரை, நல்ல தரை, மென்மையான தரை, சேறு கலந்த கனத்த தரை என்று அது படிப்படியாக அறிவிக்கப்படும். கனமான உடலும் உயர்த்தி வைக்கும் குளம்பும் உள்ள சில குதிரைகள் சேற்றில் மற்றவற்றை விட்டு விலகிப் போகும்; தரையைத் தடவி ஓடும் இலேசான குதிரைகள் அதே சேற்றில் சிக்கித் தவிக்கும். இங்கிலாந்தின் மார்ச் மாத வானம் ஒரே இரவில் தரையை மாற்றிவிடக் கூடியது. ஆகவே பல வாரங்களுக்கு முன் செய்த கணிப்பைப் பந்தயத்தன்று காலையில் தரை அறிவிப்பைப் பார்த்து மறுபடியும் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

எடை கட்டி ஓடும் பந்தயங்கள்

தெருவில் ஓட்டப்பந்தயம் வைக்கும்போது தம்பியைப் பத்தடி முன்னே நிறுத்திவிட்டு அண்ணன் பின்னால் நிற்பதுண்டு. இருவரும் சேர்ந்தாற்போல் முடிக்க வேண்டும் என்பது எண்ணம். ஹாண்டிகேப் பந்தயம் இதே எண்ணத்தில் அமைந்தது. இங்கே தூரத்துக்குப் பதில் எடை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் கடந்தகால ஓட்டங்களைப் பார்த்து ஓர் அதிகாரி மதிப்பெண் தருவார். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பவுண்டு எடை. 150 மதிப்பெண் பெற்ற குதிரை, 140 பெற்றதைவிடப் பத்துப் பவுண்டு, அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோ, கூடுதலாகச் சுமக்கும். சவாரிக்காரரின் எடை போதாவிட்டால் ஈயத் துண்டுகளால் ஈடுகட்டுவார்கள். 1960களில் ஆர்க்கிள் என்ற அயர்லாந்துக் குதிரை மற்றவற்றைவிட எவ்வளவோ உயரத்தில் இருந்ததால், அது ஓடினால் ஓர் எடைப்பட்டியல், ஓடாவிட்டால் மற்றோர் எடைப்பட்டியல் என்று இரண்டு தயாரிக்க வேண்டியிருந்தது.

செல்டன்ஹாமின் ஹாண்டிகேப் பந்தயங்களில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் ஓடுவதுண்டு. எல்லாவற்றையும் சமமாக்குவதே அதிகாரியின் வேலை என்பதால் இங்கே மிகச் சிறந்த குதிரையைத் தேடுவது வீண். தன் மதிப்பெண் காட்டுவதைவிட உண்மையில் மேலான குதிரையைத் தேட வேண்டும். இளைய குதிரை, அண்மையில் தூரம் மாற்றப்பட்ட குதிரை, தனக்கு ஒவ்வாத தரையில் ஓடியதால் மதிப்பெண் குறைந்த குதிரை ஆகியவை அப்படிப்பட்டவையாக இருக்கலாம். புதியவர்களுக்கு என் பரிந்துரை, முதல் ஆண்டில் இந்தப் பந்தயங்களைப் பார்த்து மட்டும் பழகுவதே.

பழைய புள்ளிவிவரங்களின் மயக்கம்

திருவிழா நெருங்கும்போது "இத்தனை ஆண்டுகளாக இப்படிப்பட்ட குதிரை வென்றதில்லை" என்ற வகைப் பட்டியல்கள் பரவும். சில பயனுள்ளவை. கோல்டு கப்பைப் பத்து வயதைத் தாண்டிய குதிரை 1969க்குப் பின் 2025 வரை வெல்லவில்லை. அதற்கு உடல் சார்ந்த காரணம் இருக்கிறது, ஆகவே நம்பலாம். வேறு சில பட்டியல்களுக்கு அப்படிக் காரணம் கிடையாது. நோவிஸ் என்பது வேலிப் பந்தயத்தில் முதல் பருவம் காணும் குதிரை. 1974க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் எந்த நோவிஸும் கோல்டு கப்பை வெல்லவில்லை. எனவே நோவிஸால் முடியாது என்று பேசப்பட்டது. 2015இல் கோனிக்ரீ என்ற நோவிஸ் தொடக்கம் முதல் இறுதிவரை முன்னணியிலேயே ஓடி வென்றது. அந்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பந்தயத்தில் இறங்கிய நோவிஸ்களே மிகச் சிலதான். பலரும் அவற்றைத் தங்களுக்கே உரிய பந்தயங்களில் ஓடவிட்டார்கள். தேர்வே எழுதாத பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்று எண்ணியதுதான் அங்கே நடந்த பிழை. எந்தப் புள்ளிவிவரத்தைக் கேட்டாலும், எத்தனை குதிரைகள் முயன்றன என்று முதலில் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் உண்டு: அரிய வெற்றிகளின் நினைவு. 1990இல் வேல்ஸைச் சேர்ந்த ஒரு பால்பண்ணைக்காரர் பயிற்றுவித்த நார்ட்டன்ஸ் காயின், ஒன்றுக்கு நூறு விலையில் கோல்டு கப்பை வென்றது. இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி விலை மிகுந்த குதிரைகளில் பணம் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பந்தயக்காரர்கள் சிறு வாய்ப்புள்ள குதிரைகளுக்கு அவற்றின் தகுதியை மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்பதை 1949இல் ஓர் அமெரிக்க உளவியல் இதழில் வெளியான ஆய்வே காட்டியது. பின்வந்த பல ஆய்வுகளும் பெரும்பாலும் அதை உறுதிசெய்தன. ஒன்றுக்கு நூறு விலையில் உள்ள குதிரைக்கு உண்மையில் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லாமல் இருப்பதே வழக்கம்.

கூட்டுச் சீட்டின் கணக்கு

கடைசியாக, அதிகம் விற்கும் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு பந்தயங்களில் நான்கு குதிரைகளை ஒரே சீட்டில் எழுதி, நான்கும் வென்றால் மட்டும் பணம் என்பது கூட்டுச் சீட்டு. முதல் வெற்றியில் வரும் தொகை முழுவதும் அடுத்த குதிரைக்குப் போகும். அதனால்தான் சிறு தொகை பெருந்தொகையாகும் என்ற கவர்ச்சி. நான்கும் பலமான ஃபேவரிட்டுகள், ஒவ்வொன்றுக்கும் அறுபது விழுக்காடு வாய்ப்பு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து வெல்லும் வாய்ப்பைக் காண அறுபது விழுக்காட்டை, அதாவது 0.6ஐ, நான்கு முறை எழுதிப் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ பதின்மூன்று விழுக்காடு. நான்கு நல்ல குதிரைகளைத் தேர்ந்தவருக்கு எட்டில் ஒரு முறைதான் பணம் கிடைக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் புக்கி எடுக்கும் பங்கும் இதில் நான்கு முறை பெருகும்.

2015 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. வில்லி மல்லின்ஸ் பயிற்றுவித்து ரூபி வால்ஷ் சவாரி செய்த நான்கு ஃபேவரிட்டுகளை ஆயிரக்கணக்கானோர் ஒரே சீட்டில் எழுதியிருந்தார்கள். முதல் பந்தயத்தில் டூவான் வென்றது. அடுத்து அன் டு சோ வென்றது. சாம்பியன் ஹர்டிலில் ஃபாகீன் வென்றது. மீதமிருந்தது பெண் குதிரைகளுக்கான தட்டிப் பந்தயமும் அதில் ஆனி பவரும். கடைசித் தட்டியை நெருங்கும்போது ஆனி பவர் தெளிவாக முன்னணியில் இருந்தது. துரத்தி வந்தவற்றால் நெருங்க முடியவில்லை. வால்ஷ் அதை அவசரப்படுத்தவும் இல்லை. தட்டிக்குச் சற்று முன்னதாகவே குதிரை எம்பிவிட்டது. முன்னங்கால்கள் தட்டியின் மறுபுறத்தை எட்டவில்லை. குதிரையும் சவாரிக்காரரும் புல்லில் உருண்டு, இருவரும் எழுந்து நின்றார்கள். பின்னால் வந்த கிளென்ஸ் மெலடி அவர்களைத் தாண்டிப் போய் வென்றது. அதுவும் மல்லின்ஸின் குதிரைதான். அந்தச் சீட்டுகளில் அதன் பெயர் இல்லை.